‘பார்ட்டி இருந்தா சொல்லுங்க!’ - ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக என்ன தகுதி வேண்டும்? வாணியம்பாடியிலிருந்து ஒரு முழு கைடு

உங்கள் வாட்ஸ்அப் கான்டாக்ட்டிலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். காலையில் குட் மார்னிங் மெசேஜ், மதியம் பிரியாணி போட்டோ, சாயங்காலம் ஸ்டேட்டஸில் கல் நட்ட காலி மனை. கீழே ஒரு வரி: ‘ஹைவே பக்கம், தண்ணி சூப்பர், டைட்டில் கிளியர். பார்ட்டி இருந்தா சொல்லுங்க.’ மற்ற நேரத்தில் அவர் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஷூ கம்பெனியில் க்யூ.சி., இல்லையென்றால் மொபைல் கடை ஓனர். ஸ்டேட்டஸ் போடும்போது மட்டும் ரியல் எஸ்டேட் புரோக்கர்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இதைப் பார்த்து யாரும் ஆச்சர்யப்பட மாட்டார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஊரைத் தொட்டுக்கொண்டே போகின்றன. 2019 நவம்பர் 28-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, வாணியம்பாடி புதிய திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர், பெங்களூரில் ஐ.டி.யில் இருப்பவர், லெதர் கம்பெனியில் வருஷக்கணக்கில் பி.எஃப். சேர்த்தவர் என்று எல்லோருக்கும் சொந்த ஊரில் ஒரு மனை வாங்க ஆசை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்பவர்தான் புரோக்கர்.

அதனால்தான் இந்தக் கேள்விகளும் அடிக்கடி வருகின்றன. ‘நானும் பார்ட் டைமா பண்ணலாமா? டிகிரி வேணுமா? பரீட்சை எழுதணுமா? லைசென்ஸ் எங்க கிடைக்கும்?’

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சுருக்கமான பதில்

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், அதாவது எல்லோரும் ‘ரெரா’ என்று சொல்கிற சட்டம், ஏஜென்ட்டுக்கு டிகிரி கேட்கவில்லை. அதை அமல்படுத்த வந்த 2017-ம் ஆண்டு தமிழ்நாடு விதிகளும் பரீட்சை வைக்கச் சொல்லவில்லை. பத்தாவது ஃபெயில் ஆனவரும் விண்ணப்பிக்கலாம், பி.எல். முடித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால், பதிவு கட்டாயம். அதுவும் முதல் மனையை விற்றுக் கொடுப்பதற்கு முன்பே. நாம் பேச்சுவழக்கில் ‘லைசென்ஸ்’ என்று சொல்வது சட்டத்தில் ‘பதிவு’தான். தமிழ்நாட்டில் அதைத் தருவது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிஎன்-ரெரா. அலுவலகம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. அந்தமான் நிகோபார் தீவுகளும் இதே ஆணையத்தின் கீழ்தான் வருகின்றன.

‘டிகிரி வேண்டாம், பரீட்சை வேண்டாம், அப்போ ஈஸிதானே?’ என்று தோன்றும். பதிவு வாங்குவது ஈஸிதான். ஆனால், நீங்கள் தெரிந்துகொண்டு வந்தீர்களா என்று முன்கூட்டியே சோதிக்க யாரும் இல்லை. பின்னால் தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் நீங்கள். இதைப் புரிந்துகொண்டு இறங்குவதுதான் முதல் தகுதி.

யாருக்குக் கட்டாயம்? யாருக்கு இல்லை?

சட்டத்தின் பார்வையில் ஏஜென்ட் என்றால், ஒரு ரியல் எஸ்டேட் திட்டத்தில் உள்ள மனை, அடுக்குமாடி வீடு அல்லது கட்டடத்தை விற்க, ஒருவர் சார்பில் இன்னொருவரிடம் பேசி, அதற்குக் கமிஷனோ கட்டணமோ வாங்குபவர். வாங்குபவரையும் விற்பவரையும் ஏதாவது ஒரு வழியில் அறிமுகம் செய்துவைப்பவரும் இதில் அடக்கம். புரோக்கர், டீலர், மீடியேட்டர் என எந்தப் பெயரில் அழைத்தாலும் ஒன்றுதான். ‘நான் சும்மா நம்பர் கொடுத்தேன், அவங்களா பேசிக்கிட்டாங்க’ என்று சொல்லிக் கமிஷன் வாங்கினாலும் நீங்கள் ஏஜென்ட்தான்.

இங்கே ‘திட்டம்’ என்ற வார்த்தை முக்கியம். நிலத்தின் அளவு 500 சதுர மீட்டரைத் தாண்டும் லே-அவுட்டும், 8 வீடுகளுக்கு மேல் உள்ள அபார்ட்மென்ட்டும் ரெராவில் பதிவாக வேண்டும். நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி, அதாவது 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அப்படிப் பார்த்தால், ஊரைச் சுற்றிக் கல் நட்டு, கொடி கட்டி விற்கும் லே-அவுட்களில் பெரும்பாலானவை இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது, ஒரு தனி நபரின் பழைய வீட்டை விற்றுக் கொடுப்பது, விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே கைமாற்றி விடுவது போன்றவற்றுக்கு ரெரா ஏஜென்ட் பதிவு தேவையில்லை. நியூடவுன் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்து ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குபவர் பயப்பட வேண்டாம். அதே நபர் நாளைக்கு ஒரு லே-அவுட்டில் நான்கு மனை விற்றுக் கொடுக்க ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து கதை வேறு.

தகுதி என்றால் என்னென்ன?

* ஒப்பந்தம் போடும் சட்டத் தகுதி வேண்டும். அதாவது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.
* பான் கார்டு.
* அடையாளச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தொடர்பு விவரங்கள்.
* தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று. பெரிய ஆபீஸ் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், தேடி வந்தால் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு இடம் வேண்டும்.
* கடைசி 3 வருட வருமான வரிக் கணக்கு. தாக்கல் செய்யத் தேவை இல்லாத வருமானம் என்றால், அதற்கான உறுதிமொழி.
* தனி நபராக இல்லாமல் பார்ட்னர்ஷிப், கம்பெனி என்று பதிவு செய்தால், அந்த நிறுவனத்தின் பதிவு ஆவணங்களும் பங்குதாரர், இயக்குநர் விவரங்களும்.

இதில் பலரும் மாட்டிக்கொள்வது வருமான வரி விஷயத்தில்தான். ‘கமிஷனை கையில வாங்கினேன், கணக்குல காட்டல’ என்று பல வருடம் ஓட்டியவருக்கு, பதிவு செய்யப் போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலுக்கு வரும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே ரிட்டர்ன் போட ஆரம்பியுங்கள்.

எப்படி விண்ணப்பிப்பது, எவ்வளவு செலவு?

விண்ணப்பத்துக்கு ‘படிவம் ஜி’ என்று பெயர். டிஎன்-ரெரா இணையதளம் வழியாக விவரங்களை நிரப்பி, ஆவணங்களை இணைத்து, கட்டணம் செலுத்த வேண்டும். 2017 விதிகளின்படி தனி நபருக்கு 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 50,000 ரூபாய். கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், பணம் கட்டும் அன்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆவணங்கள் சரியாக இருந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதிவு 5 வருடங்களுக்குச் செல்லும். காலாவதி ஆகும்வரை காத்திருக்காமல், சில மாதங்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.

25,000 ரூபாய் என்றதும் ‘அம்மாடியோவ்’ என்று தோன்றலாம். 5 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 5,000, மாதத்துக்குச் சுமார் 417 ரூபாய். உங்கள் மொபைல், ஓ.டி.டி. ரீசார்ஜ் செலவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 12 லட்ச ரூபாய் மனை ஒன்றை 2 சதவிகிதக் கமிஷனில் முடித்தாலே 24,000 ரூபாய் வந்துவிடும். ஏறக்குறைய ஒரே டீலில் பதிவுக் கட்டணம் கையில்.

நம்பர் கைக்கு வந்த பிறகு...

பதிவு எண் கிடைத்ததும் ஸ்டேட்டஸில் போட்டு ‘காங்கிராட்ஸ்’ வாங்குவது ஓகே. ஆனால், அன்றிலிருந்து சில கடமைகள் தொடங்குகின்றன.

* நீங்கள் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவுச் சான்றிதழை அலுவலகத்தில் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும்.
* ரெராவில் பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகவில்லை என்றால், அதில் ஒரு மனையைக்கூட விற்றுக் கொடுக்கக் கூடாது. ‘அப்ரூவல் வந்துட்டே இருக்கு சார், இப்போ புக் பண்ணா ரேட் கம்மி’ என்ற டயலாக்கை மறந்துவிடுங்கள்.
* கணக்குப் புத்தகம், ரசீது, ஆவணங்களைப் பராமரிக்க வேண்டும்.
* புக் செய்யும்போது வாங்குபவருக்குத் தர வேண்டிய எல்லாத் தகவலும் ஆவணமும் அவர் கைக்குப் போய்ச் சேர உதவ வேண்டும்.
* தவறான வாக்குறுதி தரக் கூடாது. எழுத்தில் மட்டுமல்ல, வாயால் சொன்னாலும், படமாகக் காட்டினாலும் முறையற்ற வியாபாரமாக அதைச் சட்டம் பார்க்கிறது. இல்லாத அப்ரூவலை இருப்பதாகச் சொல்வதும் இதில் அடக்கம்.

கடைசிப் பாயின்ட்டை இன்னொரு முறை படியுங்கள். நம் தொழிலே வாய்வார்த்தையில்தான் ஓடுகிறது. ‘அடுத்த வருஷம் பக்கத்துல பஸ் ஸ்டாண்ட் வருது’ என்று சொல்வதற்கு முன் அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மீறினால் என்ன ஆகும்? ஒரு சின்ன கணக்கு

பதிவு இல்லாமல் தொழில் செய்தாலும், கடமைகளை மீறினாலும் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அபராதம். தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் இது ஏறும். அதிகபட்சம், விற்றுக் கொடுத்த சொத்தின் மதிப்பில் 5 சதவிகிதம் வரை போகும்.

அதே 12 லட்ச ரூபாய் மனையை எடுத்துக்கொள்வோம். 5 சதவிகிதம் என்றால் 60,000 ரூபாய். ஆறே நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். உங்களுக்கு வந்த கமிஷன் 24,000, கட்ட வேண்டியது 60,000 வரை. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு வாங்கியிருந்தால் பதிவையே ரத்து செய்யும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

பார்டர் ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

டிஎன்-ரெரா பதிவு தமிழ்நாடு முழுக்கச் செல்லும். வாணியம்பாடியில் பதிவு செய்தவர் ஆம்பூர், ஜோலார்பேட்டை, ஓசூர், சென்னை என எங்கே உள்ள திட்டத்திலும் வேலை பார்க்கலாம். மாவட்டத்துக்கு ஒரு பதிவு தேவையில்லை.

ஆனால், நம் ஊருக்கு இரண்டு பக்கமும் எல்லை. குப்பம் பக்கத்தில் ஒரு லே-அவுட் என்றால் அது ஆந்திரா. அங்கே ஆந்திர ரெரா பதிவு வேண்டும். பெங்களூரு அபார்ட்மென்ட் என்றால் கர்நாடக ரெரா பதிவு. ‘பக்கத்துலதானே’ என்று நினைத்து வேறு மாநிலத் திட்டத்தில் கமிஷன் பேசினால், அங்கே நீங்கள் பதிவில்லாத ஏஜென்ட்.

பரீட்சை வைக்கும் இடங்களும் உண்டு

மகாராஷ்டிராவில் 2023 முதல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் ஆகிவிட்டன. முதல் தேர்வு 2023 மே 20-ல் நடந்தது. பாஸ் ஆகித் தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் பதிவும் புதுப்பித்தலும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் போகும் துபாயில், அங்குள்ள நிலத் துறையின் கீழ் 2007-லேயே ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டது. புரோக்கர் ஆக வேண்டும் என்றால் பயிற்சி, தேர்வு, நன்னடத்தைச் சான்று எல்லாம் முடித்து புரோக்கர் அட்டை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் 21 வயது, குறைந்தபட்சப் பள்ளிக் கல்வி, பாடப் பயிற்சி, தேர்வு என்று வரிசையாக நிபந்தனைகள் உண்டு. அதோடு, சொத்து விற்பனைப் பணத்தை ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது.

அட்வான்ஸ் பணம் புரோக்கர் கைக்குப் போய், அங்கிருந்து ஓனருக்குப் போகும் வழக்கம் நம் பக்கம் சகஜம். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நமக்குப் பரீட்சை இல்லை என்பதால் படிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. கீழே இருப்பதுதான் நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய பரீட்சை.

பேப்பர் 1: பத்திரம் படிக்கத் தெரியுமா?

தாய்ப் பத்திரம்: இப்போதைய ஓனருக்கு இடம் எப்படி வந்தது, அவருக்கு முன் யாருடையது என்று சங்கிலி அறுபடாமல் தெரிய வேண்டும்.

வில்லங்கச் சான்று: அடமானம், விற்பனை, செட்டில்மென்ட் என்று அந்த இடத்தின் பெயரில் பதிவானவை இதில் வரும். பதிவுத் துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடம் பார்ப்பது நல்ல பழக்கம். பதிவே செய்யாத கடன் இதில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம்: பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணும் அளவும் பட்டாவுடன் ஒத்துப்போக வேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் நடந்து அளந்து பாருங்கள். கல் ஒரு அடி நகர்ந்திருந்தாலும் நாளைக்குப் பஞ்சாயத்து.

ஏ-ரெஜிஸ்டர்: நிலம் முதலில் என்ன வகை என்று இங்கே தெரியும். புறம்போக்கு, ஏரி, கால்வாய், பஞ்சமி நிலம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் பதிவு செய்ய முடியாதபடி பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது.

லே-அவுட் அப்ரூவல்: அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. எனவே மனை எந்தத் தேதியில் முதலில் விற்கப்பட்டது, டி.டி.சி.பி. அப்ரூவலா, வரன்முறை செய்யப்பட்டதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று வாயால் சொன்னால் போதாது.

பவர்: ‘ஓனர் துபாய்ல இருக்கார், பவர் என்கிட்ட இருக்கு’ என்பது நம் பக்கம் அடிக்கடி கேட்கும் வசனம். பவர் பத்திரம் வைத்திருப்பவர் ஓனர் ஆகிவிட மாட்டார். பவர் மூலம் மட்டுமே நடக்கும் ‘விற்பனை’ உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முறையான கிரையப் பத்திரம் பதிவாக வேண்டும். பவர் ரத்தாகவில்லை, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதையும் உறுதி செய்யுங்கள்.

வாரிசுகள்: அப்பா பெயரில் இருக்கும் சொத்தை அண்ணன், தம்பி மட்டும் சேர்ந்து விற்க வந்தால், ‘அக்கா, தங்கச்சி கையெழுத்து எங்கே?’ என்று கேளுங்கள். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்தது. இஸ்லாமியக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. ஒரு கையெழுத்து விடுபட்டாலும் வாங்கியவர்தான் கோர்ட் படி ஏறுவார்.

சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் வேணாம், நானே பார்த்துட்டேன்’ என்று சொல்லும் ஏஜென்ட்டாக இருக்காதீர்கள்.

பேப்பர் 2: இரண்டு டி.டி.எஸ்.

வேறு ஊர் ஏஜென்ட்டுக்கு ஒரு டி.டி.எஸ். தெரிந்தால் போதும். நமக்கு இரண்டு தெரிய வேண்டும். முதலாவது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு.

பாலாற்றங்கரையில் தோல் தொழில் சோறு போட்டது. கூடவே நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. இந்தத் தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவல் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் விஷயம் முடியவில்லை. 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

விளைச்சல் போன நிலம் மனையாக மாறுவது சுலபம். வாங்குபவர் சவுதியில் இருந்துகொண்டு வீடியோ காலில் இடத்தைப் பார்ப்பார். கல் தெரியும், ரோடு தெரியும்; போர்வெல் தண்ணீரின் ருசி தெரியாது. பத்திரம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரியும். அப்போது ‘தண்ணி சூப்பர்’ என்று சொன்னவர் யார் என்று தேடுவார்.

எனவே, சொல்வதற்கு முன் சோதியுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. பாக்கெட்டில் வைக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பக்கத்து வீட்டு போரிலோ, லே-அவுட் போரிலோ அளந்து பார்க்கலாம். ஆனால், குரோமியம் போன்ற உலோகங்களை அந்த மீட்டர் காட்டாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். ரிசல்ட் நன்றாக இருந்தால் உங்கள் மனைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. மோசமாக இருந்தால், நகராட்சிக் குடிநீர் இணைப்பு வருமா என்று விசாரித்து உண்மையைச் சொல்லுங்கள். தெரிந்து வாங்குபவர் பிறகு சண்டைக்கு வர மாட்டார்.

இரண்டாவது டி.டி.எஸ்., வரிப் பிடித்தம். நிறுவனங்கள் உங்களுக்குக் கமிஷன் தரும்போது ஒரு தொகையைப் பிடித்துவிட்டுத் தரும். 2024 அக்டோபர் 1 முதல் இது 5-லிருந்து 2 சதவிகிதமாகக் குறைந்தது. ரிட்டர்ன் போட்டால் உங்கள் வரியில் கழியும், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்ப வரும். வருடக் கமிஷன் வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும், வரி 18 சதவிகிதம்.

பணம் பேசும்போது...

கமிஷன் இத்தனை சதவிகிதம்தான் என்று ரெரா சட்டம் சொல்லவில்லை. ஒரு பர்சென்ட், இரண்டு பர்சென்ட் என்பதெல்லாம் வழக்கம்தான். அதனால் முதல் நாளே எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் பரவாயில்லை. வாங்குபவர், விற்பவர் இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குபவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள்:

* ரெரா திட்டத்தில் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது.
* சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். செக், வங்கிப் பரிமாற்றம் மட்டுமே பாதுகாப்பு.
* கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவிகிதம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை. 9 லட்ச ரூபாய் மனையை மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ பதிந்தால் 81,000-க்குப் பதில் 72,000. மிச்சம் 9,000 ரூபாய். இதைச் சொல்லிக் கொடுக்கும் ஏஜென்ட்டை அந்தக் குடும்பம் மறக்காது.

சரி, இறங்கலாமா?

இறங்கலாம். டிகிரி இல்லை என்று தயங்க வேண்டாம். முதல் மாதம் ஒரு டீல்கூட எடுக்காமல், உங்கள் சொந்த வீட்டின் பத்திரத்தை எடுத்து வைத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டாவை ஒப்பிட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, என்ன காரணத்துக்காகப் பத்திரங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். பதிவு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்த பிறகு முதல் மனையின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுங்கள்.

நீங்கள் வாங்கும் பக்கம் இருப்பவர் என்றால், அடுத்த முறை அந்த ஸ்டேட்டஸைப் பார்த்ததும் இரண்டு நம்பர் கேளுங்கள்: ஏஜென்ட்டின் ரெரா பதிவு எண், திட்டத்தின் ரெரா பதிவு எண். இரண்டையும் டிஎன்-ரெரா இணையதளத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு, அந்த இடத்து போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்ட் தயங்காமல் கொண்டுவந்து தருவார்.